விழுங்கியதைப் பார்த்த பிறகு

டிரைவரின் மீசையில் வாழைப்பழம் ஒட்டியிருந்தது. அடர்ந்த வெள்ளை மீசை, அதன் வலது ஓரத்தில் ஒரு துளி மசியல். வேறு யாராவது பார்த்திருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் கிண்ணத்தைத் தேடினேன். பக்கத்து நாற்காலியில் மெஸ்ஸம்மா காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மணி எட்டு இருபது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்தக் கிண்ணத்தை மெஸ்ஸம்மாவின் கையில் கொடுத்தவள் நான். அதில் நாலு ஸ்பூன் வாழைப்பழ மசியல், அதற்குள் மெஸ்ஸம்மாவின் சர்க்கரையை இறக்கும் மாத்திரை, பொடித்துக் கலந்தது. டிரைவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

மறதி நோய் வந்தவர்களுக்கான இல்லம் எங்களுடையது. இருபத்திரண்டு பேர், டிரைவரும் மெஸ்ஸம்மாவும் உட்பட; அவரவர் பார்த்த வேலையை வைத்துத்தான் கூப்பிடுவோம். காலை மருந்து வண்டி என் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு இழுப்பறை, இழுப்பறை மேல் அவர்கள் புகைப்படம். படத்தைப் பார், பெயரையும் கேள் என்பது சட்டம். பெயரைக் கேட்டு என்ன புண்ணியம்? எந்தப் பெயரைச் சொன்னாலும் கூடத்தில் யாராவது ஒருவர் "ம்" என்பார், சில நாள் மூன்று பேர். அதனால் நான் படத்தைத்தான் நம்புவேன். மாத்திரை கொடுத்து, அது தொண்டைக்குள் இறங்குவதைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மெஸ்ஸம்மாவின் தாளில் இதைச் சிவப்பு மையில் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: 'நின்று ஊட்டவும். விழுங்கியதைப் பார்த்த பிறகு கையெழுத்து.'

காரணம் உண்டு. மெஸ்ஸம்மா முப்பது வருடம் ஆலைத் தொழிலாளிகளுக்கு மெஸ் நடத்தியவர். பந்தியில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் தான் சாப்பிடுவது என்று வாழ்ந்த கை அது. எல்லாம் மறந்துவிட்டது, பெற்ற மகனையே "புதுசா சேர்ந்த ஆளா?" என்று கேட்கிறார், ஆனால் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. மாத்திரையை நீட்டினால், "அது நோயாளிக்குக் குடு, எனக்கென்ன நோக்காடு?" என்பார். துப்புவார். டாக்டரும் மகனும் எழுதிக் கொடுத்த பிறகுதான் பழத்தில் பொடித்துக் கலக்க ஆரம்பித்தோம். நான் நின்று ஊட்டினால் சமர்த்தாகச் சாப்பிடுவார். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் வாய்க்குப் போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன்.

எட்டுப் பத்துக்கு வாசல் மணி அலறியது. எங்களிடம் ஒரு பழைய தாலுகா ஆபீசர் இருக்கிறார், தினமும் ஆபீசுக்குக் கிளம்புவார், கதவைத் தள்ளினால் மணி அடிக்கும். அன்று கூடத்தில் உதவிக்கு இருந்த பெண் ஒருவரைக் குளிப்பாட்டப் போயிருந்தாள். "இதைப் பிடிங்கம்மா, சாப்பிடுங்க, இதோ வந்துட்டேன்" என்று கிண்ணத்தை மெஸ்ஸம்மாவிடம் கொடுத்தேன். போகிற போக்கில் தாளில் கையெழுத்தையும் போட்டேன். புத்தி கெட்டவள் மாதிரி. இன்னும் ஆறு பேருக்குக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு கையெழுத்தாக மிச்சம் பிடித்தால் எட்டரைக்குள் முடித்துவிடலாம் என்று ஒரு அவசரக் கணக்கு. ஆபீசரிடம், "இன்னிக்கு லீவு சார்" என்று சொல்லி, எதற்கு லீவு என்று அவரிடம் வாதாடி, சட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிட்டது.

மீசையைத் துடைத்தேன். என் கை செய்த முதல் காரியம் அது, அதை நான் மறைக்கப் போவதில்லை. துடைத்துவிட்டு எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். இன்றைக்குச் சமையலறையில் எல்லாருக்கும்தானே பழத்துண்டு போட்டார்கள்? அதில் ஒட்டியதாக இருக்கலாமே? மெஸ்ஸம்மாவே முழுசும் சாப்பிட்டிருக்கலாமே? கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஏழெட்டுச் சாட்சி, ஒருவருக்கும் நினைவிருக்காது. இப்படி ஒரு வசதி எந்தத் திருடனுக்குக் கிடைக்கும்? நினைத்தவுடன் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

எங்கள் தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டரிடம் ஓடியிருக்க வேண்டும். அவர் அறை பத்தடி தூரம். ஆனால் நாலு மாதத்துக்கு முன்னால் ஒருத்தருடைய கண் சொட்டு மருந்தை இன்னொருத்தர் கண்ணில் விட்டுவிட்டு, நானாகவே போய்ச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை, கண் சிவக்கக்கூட இல்லை. மெமோ கொடுத்தார்கள். "உண்மையைச் சொன்னதுக்கு சந்தோஷம். இன்னொரு தடவை நடந்தா மருந்து வண்டியில உன்னை வைக்க முடியாது, மனசுல வெச்சுக்க" என்றார் பெரிய சிஸ்டர். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "வாயைத் திறந்தாலே வம்புதான் உனக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடம் இதே இல்லத்தில் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் இருந்தவள் நான். இரவெல்லாம் படித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை பரீட்சை பாஸ் செய்து அந்த வண்டியைத் தொட்டேன். டாக்டர் என்னிடம் நின்று பேசுவார் இப்போது. அதை விட்டுவிட்டு மறுபடி பக்கெட்டைத் தூக்குவதா?

எட்டு நாற்பதுக்கு மற்ற எல்லாருக்கும் மருந்து கொடுத்து முடித்துவிட்டு, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு டிரைவரிடம் போனேன். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். தட்டுதான் ஸ்டியரிங், இடது கை பக்கத்தில் இல்லாத கியரைப் போடும். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர், காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை வண்டி நிற்காது.

"ஐயா, விரலைக் குடுங்க."

"வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக்கூடாது, போர்டு போட்டிருக்குல்ல?"

"ஸ்டாப்பிங் வந்திருச்சு. ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

நிறுத்தினார். ஊசி குத்தியதும், "ஏம்மா, பின் குத்துற? சீட்டைக் கிழிச்சிடாதே" என்றார். நூற்று நாலு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தாயா, ஒன்றுமில்லை, வீண் பதற்றம் என்று சொல்லிக்கொண்டேன். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மாத்திரை முழுசாக வேலையைத் தொடங்கியிருக்காது, அப்போது நூற்று நாலு இருந்தால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை எல்லாம் ஒத்துக்கொள்கிற மனநிலையில் நான் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு உட்கார முடியவில்லை. துணி மடித்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். மருந்து அலமாரியில் தேதி பார்த்தேன். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஏதோ சாக்கு வைத்து டிரைவர் பக்கம் போய், நெற்றியைத் தொட்டேன். வேர்வை, நடுக்கம், தூக்கம், எரிச்சல், குழப்பம் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு வரிசையாக மனப்பாடம் செய்தவள்தான். இங்கே யாரிடம் போய்க் குழப்பத்தைத் தேடுவது? ஒன்பது நாற்பதுக்கு மறுபடி குத்தினேன். எண்பத்தொன்று. பாலில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கரைத்து, யாரும் பார்க்காத சமயத்தில் குடிக்க வைத்தேன். மடக் மடக்கென்று குடித்தார். "டீ கடையில நிறுத்தினது நல்லதாப் போச்சு" என்றார்.

அப்புறம்தான் மெஸ்ஸம்மா பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கேட்க வேண்டாம் என்றுதான் ஒன்றரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, காலையில பழம் சாப்பிட்டீங்களா?"

"பசியோட ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எனக்கு எப்படிம்மா இறங்கும்?"

இதை அவர் தினமும் சொல்வார். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டாலும் இதையேதான் சொல்வார். நான் எழுந்திருக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, ரகசியம் போலச் சொன்னார்.

"கசக்குதுன்னான். பழம் எங்கடா கசக்கும், எஞ்சமையலைக் குறை சொல்றியான்னு ஒரு அதட்டு போட்டேன். அப்புறம் வாயே திறக்கல, முழுசாத் தின்னான்."

பழம் கசக்காது. மாத்திரைப் பொடி கசக்கும். நீதிமன்றத்தில் நிற்காத சாட்சி, மகனையே தெரியாதவர் சொன்ன வார்த்தை. ஆனால் அதற்கு மேல் எனக்கு எந்த வக்கீலும் கிடைக்கவில்லை.

அப்போதும் நான் போய்ச் சொல்லவில்லை. சொல்லப் போனால் அப்போதுதான் கெட்டிக்காரத்தனமாக யோசிக்க ஆரம்பித்தேன். மணிக்கொரு தரம் சர்க்கரைப் பால் கொடுப்பேன். மதியம் சோறு கூட வைக்கச் சொல்வேன். இரண்டு மணிக்கு என் வேலை நேரம் முடிகிறது, அதற்குள் சமாளித்துவிடலாம். இந்த யோசனை எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், ஒரு கால் மணி நேரம் நிம்மதியாகவே இருந்தேன். பிறகு அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தபோது உறைத்தது. இது இரண்டு மணிக்கு இறங்கிப் போகிற மாத்திரை இல்லை. வயதான உடம்பில் ஒரு நாள் முழுக்க, அதற்கு மேலும் வேலை செய்யும். என் வேலை நேரம் முடியும், மாத்திரையின் வேலை நேரம் முடியாது. எனக்குப் பிறகு வருகிறவள் நல்ல பெண். டிரைவர் கண் அசந்து கிடப்பதைப் பார்ப்பாள், போர்வையை இழுத்துவிடுவாள், 'நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று எழுதுவாள். ராத்திரியில் வருகிறவளும் அதையே எழுதுவாள்.

பத்து ஐம்பதுக்கு மூன்றாவது முறை குத்தப் போனேன். பெரிய சிஸ்டர் கூடத்தில் வந்து உட்கார்ந்து, யாரோ ஒரு அம்மாவின் காலில் வீக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "என்ன, காலையிலேர்ந்து தறியில நூல் ஓட்டுற மாதிரி இங்கயும் அங்கயும் ஓடிட்டிருக்கே?" என்றார். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளியே வந்தபோது டிரைவரின் மகள் வந்துவிட்டிருந்தார். அச்சகத்தில் வேலை, மதிய ஷிஃப்ட். தினமும் பதினோரு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் அப்பாவோடு உட்கார்ந்துவிட்டுப் போவார். உட்கார்வது என்றால், திட்டு வாங்குவது. ஒரு வருடமாக அவருக்கு மகளைத் தெரியவில்லை. "படியில நிக்காதே, உள்ள போ", "சில்லறை இல்லைன்னா இறங்கு" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். அந்தப் பெண்ணும், "சரிங்க டிரைவர், உள்ள போறேன்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவார். போகும்போது வாசல் வரை சிரிப்பு இருக்கும். வாசலைத் தாண்டியதும் கைக்குட்டையை எடுப்பதை நான் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

அன்று அவர் என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதீங்க என்று சைகை செய்தார். டிரைவர் மகளின் தோளில் தலையைச் சாய்த்திருந்தார். தட்டு தரையில் கிடந்தது. கைகள் மடியில். பாதி மூடிய கண். மகள் அசையாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, ஒரு கையால் அவர் கையைப் பிடித்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"சிஸ்டர்," என்று கிசுகிசுத்தார். "பாப்பான்னு கூப்பிட்டார். வந்து உக்காந்ததும் என்னைப் பார்த்து, பாப்பா, தூக்கம் வருதுடான்னார். அப்படியே சாஞ்சுட்டார்."

நான் தரையில் கிடந்த தட்டை எடுத்தேன்.

"ஒரு வருஷம் ஆச்சு சிஸ்டர் அந்த வார்த்தையைக் கேட்டு." குரல் உடைந்தது, சிரித்தார். "மாத்திரை ஏதாச்சும் மாத்தினீங்களா? தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க. இதையே தினமும் குடுங்க."

டிரைவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தொட்டேன். சில்லென்று இருந்தது. "ஐயா" என்றேன், தோளைத் தட்டினேன், "ஸ்டாப்பிங், ஐயா, ஸ்டாப்பிங் வந்திருச்சு." உதடு மட்டும் அசைந்தது. கருவியை எடுத்துக் குத்தினேன். விரலை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு.

"எழுப்பாதீங்க சிஸ்டர், பாவம்," என்றார் மகள்.

"எழுப்பணும்," என்றேன். அது என் குரல் மாதிரி இல்லை. "இது தூக்கம் இல்ல. தப்பு மாத்திரை. வேறொருத்தரோட சர்க்கரை மாத்திரை உங்கப்பா வயித்துக்குள்ள போயிருச்சு. என்னாலதான். காலையில எட்டுப் பத்துக்கு."

சொல்லிக்கொண்டே கத்தினேன், "பெரிய சிஸ்டர்!" என்று. இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். குளுக்கோஸ் டப்பாவை எடுக்க ஓடினேன், மூடியைத் திறக்க வரவில்லை, பல்லால் திறந்தேன். தண்ணீரில் கரைத்து அவர் வாயில் வைத்தபோது நல்ல வேளை, விழுங்கினார். ஒவ்வொரு மடக்காக. நான் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சிஸ்டர் வந்து, என் கையிலிருந்த கருவியை வாங்கி எண்ணைப் பார்த்தார். பொத்தானை அழுத்திப் பழைய எண்களையும் பார்த்தார். நூற்று நாலு, எண்பத்தொன்று, நேரத்தோடு இருந்தன.

"எத்தனை மணிக்குப் போச்சு?"

"எட்டுப் பத்து, எட்டு இருபதுக்குள்ள."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. "மூணு மணி நேரம்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டாக்டருக்குப் போன் செய்ய அறைக்குள் போய்விட்டார்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டாவது டம்ளரும் இறங்கி, எழுபத்திரண்டுக்கு வந்தது. கண்ணைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இரவாவது வைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி இறங்கும், நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மெஸ்ஸம்மாவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டிருந்தது, அதற்கும் என்ன செய்வது என்று போனிலேயே சொன்னார். நான் மருந்துத் தாளை எடுத்தேன். போட்ட கையெழுத்தை அழிக்கக் கூடாது, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். எழுதினேன். 'கொடுக்கப்படவில்லை. விழுங்கியதைப் பார்க்கவில்லை.' எழுத்து கோணலாக வந்தது. நாளை இந்தத் தாளில் யார் எழுதுவார்கள் என்று தெரியாது. அப்போது அதைப் பற்றி நினைக்கவும் தோன்றவில்லை, டிரைவரின் வலது கை ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்தது.

வாசலில் ஏற்றும்போது நன்றாகவே தெளிந்துவிட்டார். "யார்யா இந்த வண்டிக்கு டிரைவர்? கண்ணாடியைப் பார்த்து எடுக்கச் சொல்லு" என்றார். மகள் அவர் கையைப் பிடித்தார். டிரைவர் கையை உதறினார். "டிக்கெட் எடுத்தியா நீ?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன் டிரைவர்," என்றார் மகள். சிரிக்கவில்லை.

ஏறுவதற்கு முன்னால் மகள் என் பக்கம் திரும்பினார். அறைவார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். மூன்று மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அசிங்கமான பதில்தான், ஆனாலும் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது வேறு.

"பாப்பான்னு கூப்பிட்டாரே சிஸ்டர். அதுவும் மாத்திரையா?"

எனக்குத் தெரியவில்லை. படித்த பாடத்தில் எங்கேயும் அது இல்லை. "தெரியலம்மா," என்றேன். "சத்தியமாத் தெரியல."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே ஏறி அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி வழியாக மகளின் இடது தோள் தெரிந்தது. நீலச் சட்டையில், டிரைவர் தலை சாய்ந்திருந்த இடம் மட்டும் வேர்வையில் நனைந்து கறுத்திருந்தது. வண்டி நகர்ந்தது. அவர் அந்த ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.